எந்தப் பட்டியலில் எழுதுவது?



நவம்பர் மாதம் பிறக்குமுன் நம் பங்கு ஆலயத்தின் வாயிலில் இரண்டு தாள்களை வைப்பது வழக்கம். ஒன்றில் உயிரோடிருப்போருக்கான பூசைக் கருத்துகளை எழுதுவார்கள். மற்றொன்றில் மரித்தோரின் பெயர்களை எழுதுவார்கள். மரித்தோர் தாளே முதலில் நிரம்பும். பாட்டன், பாட்டி, இளமையில் மாண்ட தம்பி, பிறந்த அன்றே கண்மூடிய குழந்தை என மூன்று தலைமுறையை நினைவிலிருந்தே எழுதிவிட்டு, காணிக்கை உறையை வைத்துச் செல்வார்கள். எழுதுவதில் ஒருவருக்கும் ஐயம் எழுந்ததில்லை.

2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு. பூசை முடிந்து மக்கள் கலைந்த பின்னும், வயது முதிர்ந்த ஓர் அன்னை அவ்விரு தாள்களுக்கும் முன்னே எழுதுகோலைப் பிடித்தபடி நின்றிருந்தார். திருகோணமலையிற் பிறந்தவர், போரினால் கடல் கடந்து வந்து, முகாமிற் பல ஆண்டுகள் கழித்து, பின்னர் சேலையூரில் மகள் வீட்டில் வாழ்ந்தவர். எழுத உதவி வேண்டுமோ என்று அருகிற் சென்றோம். அவர் நம்மை ஏறிட்டுப் பார்த்து, “என்ட மகன்ட பேரை எந்தப் பட்டியல்ல எழுதுறது, சுவாமி?” என்று கேட்டார்.

மகனுக்கு அப்போது பத்தொன்பது வயதாம். 1990-ஆம் ஆண்டில் ஒரு காலை, சீருடை அணிந்தோர் வீட்டு வாசலிலிருந்து அவனை அழைத்துச் சென்றிருக்கிறார்கள். விசாரித்துவிட்டு மாலையில் அனுப்புவோம் என்றார்களாம். மறுநாள் போய்க் கேட்டபோது, நேற்றே விட்டுவிட்டோமே என்றார்களாம். அதன் பிறகு அவனைக் கண்டவர் எவருமில்லை.

அடுத்த பூசைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நாம் அவசரப்பட்டோம். “இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டனவே, அம்மா. மரித்தோர் பட்டியலிலேயே எழுதுங்கள். ஆண்டவர் பார்த்துக்கொள்வார்” என்றோம். அவர் எழுதுகோலை மெல்ல வைத்துவிட்டு, ஒன்றும் எழுதாமற் போனார். அதற்குப் பின் மூன்று ஞாயிறுகள் அவரைப் பூசையிற் காணவில்லை.

குருமடத்தில் நாம் பயின்ற அறநெறி இறையியலில் கொலையைப் பற்றி ஒரு பகுதி உண்டு. பொய்யைப் பற்றி மற்றொரு பகுதி உண்டு. கொன்றுவிட்டு, கொல்லவில்லை என்று மறைப்பது எத்தகைய பாவம் என்பதை அவ்விரண்டிலும் நாம் சரிவரக் கற்றுக்கொள்ளவில்லை. அதை நமக்குக் கற்பித்தவர்கள் இந்த அன்னையும், அயல்நாட்டுக் கடற்கரை ஒன்றில் மாண்ட ஒன்பது விமான வீரருமே.

சேலையூரில் வாழும் நமக்கு விமான வீரர் அந்நியரல்லர். தாம்பரம் விமானப்படை நிலையம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி 1954-ஆம் ஆண்டு முதல் அங்கே நடைபெறுகிறது. மறையுரையின் நடுவே தலைக்கு மேல் பயிற்சி விமானம் இரைந்து செல்லும்போது, பேச்சை நிறுத்திக் காத்திருக்க நாம் பழகிவிட்டோம். நம் பங்கிலும் அப்படையிற் பணியாற்றும் பிள்ளைகள் உள்ள வீடுகள் பல.

2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள், விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் ஓட்டிய மிக்-21 விமானம் வீழ்த்தப்பட்டு, அவர் பாகிஸ்தானியர் கையிற் பிடிபட்டார் என்ற செய்தி வந்தது. தாம்பரம், சேலையூர்ப் பகுதி மக்கள் அவரைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே எண்ணித் தவித்தார்கள். சமய வேறுபாடின்றி வழிபாடுகள் நடந்தன. நம் ஆலயத்திலும் செபமாலை சொன்னோம். மார்ச் 1-ஆம் நாள் இரவு அவர் வாகா எல்லையைக் கடந்து தாயகம் திரும்பினார். அன்று ஆலயத்தில் மகிழ்ச்சியோடு நன்றி கூறியவர்களில் அந்தத் திருகோணமலை அன்னையும் ஒருவர். வாயிற்படியில் நம்மைக் கண்டு நின்றவர், “அந்தத் தாய் குடுத்து வச்சவ, சுவாமி. பிள்ளையைப் பிடிச்சிட்டம் எண்டு அவங்கள் ஒத்துக்கொண்டாங்களே” என்றார்.

நாமெல்லாரும் வீரர் திரும்பியதற்கு மகிழ்ந்தோம். அந்த அன்னையோ, பிடித்தவர்கள் ‘எம்மிடம் இருக்கிறான்’ என்று சொன்னதையே பெரும் பேறாகக் கண்டார். அச்சொல் நம் உள்ளத்திற் கிடந்து உறுத்திற்று.

அவ்வாண்டு செப்டம்பரில், தேவமாதாவின் பிறந்தநாளை முன்னிட்டு நவநாள் மறையுரை ஆற்றச் சிங்கப்பூருக்கு அழைக்கப்பட்டோம். 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுந்த லூர்து அன்னை ஆலயம் அங்கே ஓஃபிர் சாலையில் இன்றும் சிறந்து விளங்குகிறது. நவநாள் முடிந்த மறுநாள், அங்குள்ள தமிழ்க் குடும்பம் ஒன்று நம்மைச் சாங்கி கடற்கரைக்கு அழைத்துச் சென்றது. 1942 பிப்ரவரி 20-ஆம் நாள் 66 சீனக் குடிமக்களை ஜப்பானியப் படையினர் அக்கரையிற் சுட்டுக் கொன்றதைக் கூறும் நினைவுக்கல் அங்கே நிற்கிறது. அதைப் படித்து நின்றபோது, குடும்பத்துப் பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், “சாமி, இந்தக் கரையில் இன்னும் ஒன்பது பேர் கதை இருக்கிறது. அது உங்கள் பக்கத்துக் கடலிலிருந்துதான் தொடங்குகிறது” என்றார். அவர் சொல்லக் கேட்டதையும், பின்னர் நாம் தேடிப் படித்ததையும் இங்கே சுருக்கித் தருகிறோம்.

1945 ஜனவரி 16-ஆம் நாள் பிரித்தானியப் பசிபிக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. இல்லஸ்ட்ரியஸ், இன்டாமிட்டபிள், இன்டிஃபாட்டிகபிள், விக்டோரியஸ் என்னும் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் அதில் இருந்தன. ரியர் அட்மிரல் ஃபிலிப் வியன் அவற்றுக்குத் தலைமை தாங்கினார். சுமத்ராத் தீவில் பலெம்பாங் நகருக்கருகே இருந்த பெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் ஜப்பானியர் வசம் இருந்தன. ஜனவரி 24-ஆம் நாளும் 29-ஆம் நாளும் கப்பல்களிலிருந்து விமானங்கள் எழுந்து சென்று அவ்வாலைகளைத் தாக்கின. பல விமானங்கள் திரும்பவில்லை. வீழ்ந்த விமானங்களிலிருந்து உயிர்தப்பியோரில் ஒன்பது பேர் ஜப்பானியரிடம் பிடிபட்டு, பலெம்பாங்கிலிருந்து சிங்கப்பூர்ச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பிரித்தானியரும் நியூசிலாந்தினரும் இருந்தார்கள்.

போர் முடியும் நாட்களில் அந்த ஒன்பது பேரும் சாங்கி கடற்கரைக்குக் கொண்டு செல்லப்பட்டு, வாளால் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உடல்கள் கடலில் அமிழ்த்தப்பட்டன. கல்லறை இல்லை. கொன்ற நாள் எது என்பதிலும் நூலுக்கு நூல் வேறுபாடு காணப்படுகிறது. ஆண்டுதோறும் பூசை வைக்கும் நம் குடும்பங்களுக்கு அதன் பொருள் சொல்லாமலே விளங்கும்: நினைவுநாள்கூட இல்லாத மரணம் அது.

1945 ஆகஸ்டு 15-ஆம் நாள் ஜப்பானியப் பேரரசரின் சரணடைவு அறிவிப்பு வானொலியில் ஒலித்தது. பிரித்தானியப் படை சிங்கப்பூரில் மீண்டும் இறங்கியது செப்டம்பர் 5-ஆம் நாள். இடையிலிருந்த அந்த மூன்று வாரங்களில் ஜப்பானிய அலுவலகங்கள் பலவற்றில் ஆவணங்கள் எரிந்துகொண்டிருந்தன. கைதிகளைக் கொடுமைப்படுத்தியோர் இடம்விட்டு மறையலாம் என்றும், பகைவர் கையிற் சிக்கக்கூடாத ஆவணங்களை அழித்துவிட வேண்டும் என்றும் ஆகஸ்டு 20-ஆம் நாள் டோக்கியோவிலிருந்து செய்தி சென்றது. பின்னர் விசாரணைக்கு வந்தோர், பலெம்பாங்கில் பிடிபட்ட விமான வீரர் எங்கே என்று கேட்டார்கள். ‘ஜப்பானுக்கு அனுப்பிவிட்டோம்’ என்பதே முதலிற் கிடைத்த மறுமொழி.

இதைக் கேட்டபோது கடற்காற்றிலும் நமக்கு வியர்த்தது. ‘நேற்றே விட்டுவிட்டோமே’ என்று அந்த அன்னையிடம் சொல்லப்பட்ட மறுமொழியும் இதுவும் ஒரே அச்சில் வார்த்தவையல்லவா? நாடு வேறு, காலம் வேறு, மொழி வேறு. பொய் மட்டும் ஒன்றே.

விசாரணை நெருங்கியபோது, 1945-ஆம் ஆண்டின் இறுதியில், சம்பந்தப்பட்ட அதிகாரிகள் சிலர் நடந்ததை எழுதி வைத்துவிட்டுத் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். உண்மை அந்தக் கடிதத்தின் வாயிலாகவே வெளிப்பட்டது.

இது தனித்த நிகழ்ச்சியன்று. ஜப்பானின் ஃபுக்குவோக்கா நகரில், சரணடைவு அறிவிப்பு ஒலித்த அதே ஆகஸ்டு 15-ஆம் நாள், பிடிபட்டிருந்த அமெரிக்க விமான வீரர் பதினைந்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதே நகரின் பல்கலைக்கழகத்தில் சில மாதங்களுக்கு முன் எட்டு விமான வீரர்கள் உயிரோடு அறுவைச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டு மாண்டிருந்தார்கள். இக்கொலைகளை மூடி மறைக்க, அவர்கள் ஹிரோஷிமாவுக்கு அனுப்பப்பட்டு அணுகுண்டில் இறந்துபோயினர் என்று கதை கட்டப்பட்டது. 1948-இல் யோக்கோஹாமா நீதிமன்றத்தில் இவ்வழக்கு விசாரிக்கப்பட்டது. ஜப்பானியக் கத்தோலிக்க எழுத்தாளர் எண்டோ ஷுசாக்கு, தம் மக்கள் மறக்க விரும்பிய பல்கலைக்கழகக் கொடுமையையே களமாகக் கொண்டு பின்னர் ஒரு புதினம் எழுதினார்.

போர் ஓய்ந்த பிறகும் ஏன் கொன்றார்கள்? வெற்றி தேடியன்று, வெற்றி தோல்வி முடிந்துவிட்டது. உயிரோடிருந்தால் அவர்கள் பேசுவார்கள். முன்பு செய்த கொடுமைகளை மறைப்பதற்காகவும், உள்ளத்திற் கொதித்த பழியுணர்ச்சியைத் தணிப்பதற்காகவும் புதிய கொலைகள் செய்யப்பட்டன. முதற் பாவத்தை மறைக்க இரண்டாம் பாவம், அதை மறைக்க மூன்றாவது என்று சங்கிலி நீண்டது.

வாசகரில் சிலர் கேட்கலாம்: ‘விமானங்களிலிருந்து வீழ்ந்த குண்டுகளும் கொலைதானே?’ கேட்க வேண்டிய கேள்வியே. 1945 மார்ச் 10-ஆம் நாள் இரவில் டோக்கியோ நகரில் விழுந்த தீக்குண்டுகளால் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே. அதற்கு முன் 1942 ஏப்ரல் 5-ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையைத் தாக்கின. எத்தரப்பின் குண்டும் ஏழையின் கூரையை அறியாது. இவையனைத்திற்கும் இறைவன் முன் கணக்கு உண்டு. ஆயினும், ஒரு தவற்றுக்கு நீதி வேண்டுவோர் அதைப் பகலில், பலரறிய வேண்டுவர். கடற்கரையில் வெட்டிக் கடலில் அமிழ்த்துவோர், தாம் செய்வது நீதியன்று என்பதைத் தம் செயலாலேயே ஒப்புக்கொள்கிறார்கள்.

மறைநூல் இதனை முன்பே நமக்குக் காட்டியிருக்கிறது. தாவீது மன்னர் உரியாவின் மனைவியைக் கவர்ந்தார். அதை மறைக்க உரியாவை வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார். இயலாதபோது, போர்முனையில் அவன் மடியுமாறு கடிதம் எழுதி, அவன் கையிலேயே கொடுத்தனுப்பினார். போரிலே பலர் சாவது வழக்கம் என்ற போர்வையால் கொலையை மூடினார். இறைவாக்கினர் நாத்தான் வந்து விரல் நீட்டியபோதுதான், ‘பாவம் செய்தேன்’ என்னும் சொல் அவர் வாயில் வந்தது. மன்னிப்பு அந்த நொடியில்தான் வந்தது. அதற்கு முன் வரவில்லை. நம் ஆண்டவருடைய கல்லறையைக் காத்த காவலருக்கும் பணம் கொடுத்து, சீடர்கள் உடலைத் திருடிச் சென்றார்கள் என்று சொல்லச் செய்தார்களல்லவா? உடல் எங்கே என்ற கேள்விக்குப் பொய்யுரைப்பது அவ்வளவு பழமையான தொழில்.

சாங்கியிலிருந்து கிராஞ்சிப் போர்க் கல்லறைக்குச் சென்றோம். நாலாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளில் 850-க்கு அதிகமானவற்றில் பெயர் இல்லை. இறைவன் மட்டுமே அறிந்த வீரர் என்னும் பொருள்படும் சொற்களே அவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லறையே இல்லாத 24,000 பேருக்கு மேற்பட்டோரின் பெயர்கள் அங்குள்ள பெருஞ்சுவர்களில் இருக்கின்றன. இந்தியப் படையினர் பெயர்களும் எத்தனையோ. அந்த ஒன்பது பேரும் கடற்படையின் விமானப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அப்பிரிவில் கல்லறை கிட்டாத 1,900-க்கு மேற்பட்டோருக்காக இங்கிலாந்தின் தென்கரையில், லீ-ஆன்-சோலண்ட் என்னுமிடத்தில் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. ஆனால் அதே போரில் சயாம்–பர்மா இரயில் பாதையில் பல்லாயிரக்கணக்கில் மடிந்த மலாயாத் தோட்டத் தமிழரின் பெயர்களைச் சொல்ல அத்தகைய சுவர் எங்கும் இல்லை. பெயர்ப் பட்டியலே இல்லாத சாவு அவர்களுடையது. அவர்களுக்காகவும் அங்கே முழந்தாளிட்டு மன்றாடினோம்.

போர்க் கைதிகளைப் பற்றிய ஜெனீவா உடன்படிக்கைகளைப் பின்னர் புரட்டிப் பார்த்தோம். 1929-ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்திட்டது; ஆனால் அதை உறுதிசெய்து ஏற்கவில்லை. போருக்குப் பின், 1949-இல், உலக நாடுகள் கூடி அதைத் திருத்தி வலுவாக்கின. கைதி பிடிபட்ட உடனேயோ, முகாமை அடைந்த ஒரு வாரத்துக்குள்ளோ தன் குடும்பத்துக்கு ஓர் அட்டை எழுத அனுமதிக்க வேண்டும். பிடித்த நாடு அவன் பெயரை மறுதரப்புக்குத் தெரிவிக்க வேண்டும். இறந்தால் அந்த விவரத்தையும் அடக்கம் செய்த இடத்தையும் அறிவிக்க வேண்டும். இவற்றைப் படித்தபோது அந்த அன்னை ஆலய வாயிலிற் சொன்னதன் ஆழம் நமக்கு விளங்கிற்று. ‘பிடித்துவிட்டோம்’ என்று ஒத்துக்கொள்ளப்பட்ட கைதிக்கு அச்சொல்லே கவசம். அவன் பெயரை உலகம் அறிந்த பின் அவனை மறைப்பது அரிது.

நவம்பர் மாதம் நெருங்கியது. அந்த அன்னையின் வீட்டுக்குச் சென்றோம். முந்திய ஆண்டு அவசரத்தில் சொன்ன சொல்லுக்காக முதலில் மன்னிப்புக் கேட்டோம். “ஐயோ, சுவாமி, நீங்கள் என்னட்டக் கேக்கிறதே!” என்று பதறினார். பின்னர் அந்த ஒன்பது வீரரின் கதையைச் சொன்னோம். 1945-இல் கப்பல்கள் நிறைந்து நின்ற துறைமுகத்தைப் பற்றித் தம் தந்தை சொல்லக் கேட்டிருப்பதாகக் கூறினார். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அந்தத் தாய்மாருக்கு எப்ப தெரிஞ்சது?” என்று கேட்டார். போர் முடிந்து பல மாதம் கழித்துத்தான் என்றோம். “தெரிஞ்சதே, சுவாமி! எனக்கு இருபத்தொன்பது வருசம்” என்றார்.

இலங்கைப் போரில் இத்தகைய அன்னையர் எத்தனையோ பேர். மன்னார் மறைமாவட்ட ஆயராயிருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 ஜனவரியில் அரசு ஆணைக்குழுவின் முன் சென்று, அரசின் கணக்குகளையே வைத்து, 1,46,679 பேர் என்னவாயினர் என்று கேட்டார். 2021-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் கேட்ட கேள்வி இன்னும் நிற்கிறது.

மன்னிப்பைப் பற்றியும் அந்த அன்னையிடம் பேசினோம். குருவானவர் பேச வேண்டியதல்லவா? 1942 ஏப்ரலில் டோக்கியோவைத் தாக்கியோரில் எட்டு அமெரிக்கர் பிடிபட்டார்கள். அவர்களில் மூவர் அவ்வாண்டு அக்டோபரிற் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் சிறையில் மாண்டார். எஞ்சியோரில் ஒருவரான ஜேக்கப் டிஷேசர் நாற்பது மாதச் சிறையிலிருந்து மீண்டு, 1948-இல் அதே ஜப்பானுக்கு நற்செய்திப் பணியாளராகச் சென்றார். இதையும் எடுத்துச் சொன்னோம். அன்னை பொறுமையோடு கேட்டிருந்துவிட்டு, “நான் மன்னிக்க மாட்டன் எண்டில்ல, சுவாமி. ஆரை மன்னிக்கிறது? அவருக்குத் தன்னை அடைச்சவனைத் தெரியும். எனக்கு ஒருத்தரையும் தெரியாதே” என்றார்.

நமக்கு மறுமொழி தோன்றவில்லை. மறைப்பவன் தாயிடமிருந்து மகனைப் பறித்ததோடு நிற்பதில்லை. அவனுக்காக அழும் உரிமையையும், நாள் குறித்து மன்றாடும் ஆறுதலையும், இறுதியில் மன்னிக்கும் பேற்றையுங்கூடப் பறித்துவிடுகிறான். தனக்குரிய மன்னிப்பின் கதவையும் தானே உட்புறம் தாழிட்டுக்கொள்கிறான். பாவசங்கீர்த்தனத்தில் நாம் பாவத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று திருச்சபை ஏன் வற்புறுத்துகிறது என்பதை, முப்பது ஆண்டுகள் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்த பின்னரே நன்கு உணர்ந்தோம்.

அந்த நவம்பரில் ஆலய வாயிலில் மூன்றாவது தாள் ஒன்றை வைத்தோம். ‘ஆண்டவர் ஒருவரே அறிந்தோர்’ என்று அதன் தலைப்பில் எழுதினோம். திருப்பலி வாழ்வோருக்கும் ஒப்புக்கொடுக்கப்படும், மரித்தோருக்கும் ஒப்புக்கொடுக்கப்படும். எப்பக்கம் இருக்கிறான் என்று நமக்குத் தெரியாத ஒருவனுக்காக ஒப்புக்கொடுத்தாலும் அது இடம் தவறிப் போகாது. முதற் பெயரை அந்த அன்னை எழுதினார். கை நடுங்காமல், முழுப் பெயராக, பிறந்த நாளோடு எழுதினார்.

ஒரு பெயரோடு அத்தாள் நின்றுவிடும் என்றே எண்ணியிருந்தோம். மாலைப் பூசைக்குள் ஏழு பெயர்கள் சேர்ந்துவிட்டன. 2017-இல் ஒக்கிப் புயலில் கடலுக்குச் சென்று திரும்பாத குமரி மாவட்டத்து மைத்துனன். வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போய், ஒரு கடிதத்தோடு செய்தியற்றுப் போன கணவன். வீட்டில் ஏற்பட்ட சண்டையில் வெளியேறிய தம்பி. இத்தனை குடும்பங்கள் ஆண்டுதோறும் இரு தாள்களுக்கும் நடுவே ஒன்றும் எழுதாமல் நின்றிருக்கின்றன, நாம் காணவில்லை.

அன்பார்ந்தோரே, நம்மிற் பெரும்பாலோர் போரில் எவரையும் கொன்றதில்லை. ஆயினும், ஒருவருக்கு உரிய உண்மையை நாம் அறிந்தும் அடைத்து வைத்திருக்கிறோமா என்று இம்மாதத்தில் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். விபத்தைக் கண்டும் சாட்சி சொல்ல அஞ்சியவர், உடன்பிறந்தவன் இருக்குமிடம் தெரிந்தும் தாயிடம் சொல்லாதவர், இறந்தவரின் கடைசி வார்த்தையைச் சொத்துக்காக மறைத்தவர் எவரேனும் இருப்பின், இன்றே சென்று சொல்லிவிடுங்கள். காத்திருக்கும் ஒரு வீட்டின் கதவு அதனால் திறக்கும்.

மூன்றாம் தாளை இவ்வாண்டும் வைத்திருக்கிறோம். மரித்தோர் தாளில் அந்தத் திருகோணமலை அன்னையின் பெயரை மகள் எழுதினார். கடந்த கோடையில் அவர் நித்திய இளைப்பாற்றி அடைந்தார். பிறகு மகள் மூன்றாம் தாளிடம் வந்து, தாய் எழுதி வந்தது போலவே, அண்ணனின் முழுப் பெயரையும் பிறந்த நாளையும் எழுதினார். இருவருக்காகவும், சாங்கி கடலில் உறங்கும் ஒன்பது பேருக்காகவும், அவர்களைக் கொன்றவர்களுக்காகவும் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுமாறு உங்களை வேண்டுகிறோம்.